2,900 பவுண்டு கிளியோ, 19,000 பவுண்டு 208: மூணு வருஷக் கணக்கைப் பிரிச்சுப் பார்த்தா...

கார் லோன் வீடியோ போட்டதுக்கு அப்புறம் பர்மிங்ஹாம்ல இருந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். "அண்ணா, கம்பெனி மூலமா இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த ஊர் லைசென்ஸ் எடுத்துட்டேன். கையில 6,500 பவுண்டு இருக்கு. சின்ன வயசுல இருந்து கிளியோ ஆர்எஸ், பியூஜோ 208 ஜிடிஐ மேல ஒரு ஆசை. தினமும் ஆபீஸ் போகவும் அதேதான் வேணும். பழசா வாங்கலாமா, இல்ல டீலர் சொல்ற மாதிரி மாசத் தவணையில ஒரு புது ஆல்பைன் ஏ290 எடுக்கலாமா?"

பொதுவா நம்ம சேனல்ல கார் ரிவ்யூ பண்றது இல்லை. ஆனா இந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒரு ஃபைலே இருக்கு. 2016-ல இருந்து 2019 வரை லீட்ஸ்ல வேலை பார்த்தப்போ நான் வச்சிருந்தது 2005 மாடல் ரெனோ கிளியோ 182. அதே ஆபீஸ்ல பக்கத்து சீட்ல இருந்த திருச்சிக்காரர் ஒருத்தர், அதே மாசத்துல, புத்தம் புது பியூஜோ 208 ஜிடிஐ எடுத்தார். ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம், ஒரே தூரம், வருஷத்துக்கு 9,600 மைல் மாதிரி. பில்லை எல்லாம் எடுத்து வைக்கிறது எனக்குத் தொழில் புத்தி. அவரும் தன்னோட கணக்கைக் கொடுத்தார். அதனால இது ஊகம் இல்லை, வவுச்சர் இருக்கிற கணக்கு.

இந்த வண்டிகளைப் பத்தித் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ஹாட் ஹேட்ச்னா, காய்கறி வாங்கப் போற சின்ன காருக்குள்ள பெரிய இன்ஜினை வச்சு, சஸ்பென்ஷனை இறுக்கி விடுறது. இதுல பிரெஞ்சுக்காரங்களுக்குத் தனி பேர். 1984-ல பியூஜோ 205 ஜிடிஐ வந்தது, 1.6 லிட்டர், 105 குதிரைத் திறன்தான், ஆனா எடை 900 கிலோ கூட இல்லை. ரெனோ 5 ஜிடி டர்போ, கிளியோ வில்லியம்ஸ், 106 ரேலி, சிட்ரோயன் சாக்சோன்னு வரிசையா வந்தது. ரகசியம் பவர்ல இல்லை. எடை குறைவு, அதோட குண்டும் குழியுமான சின்ன ரோட்டுலயும் சக்கரம் தரையை விடாத மாதிரி அமைச்ச சஸ்பென்ஷன். பிரிட்டன்ல கிராமத்து ரோடுங்க வளைஞ்சு நெளிஞ்சு மேடு பள்ளமா இருக்கிறதால, பிரான்ஸை விட அங்கதான் இதுங்களுக்கு ரசிகர்கள் ஜாஸ்தின்னு தோணும்.

இந்த வரலாற்றுல நம்ம பிளாகுக்கு ஆகிற மாதிரி ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, சாக்சோ. ஒரு காலத்துல பிரிட்டன்ல இந்தக் கார் வாங்கினா ஒரு வருஷ இன்சூரன்ஸ் இலவசம்னு கம்பெனி கொடுத்தது. பசங்க கூட்டம் கூட்டமா வாங்கினாங்க. சின்னப் பசங்களுக்குக் காரை விட இன்சூரன்ஸ்தான் பெரிய செலவுன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னொண்ணு, 1993-ல வந்த கிளியோ வில்லியம்ஸ். எண் போட்ட தகடோட லிமிட்டெட் எடிஷன்னு சொல்லி வித்தாங்க. வித்து முடிஞ்சதும் வில்லியம்ஸ் 2, அப்புறம் வில்லியம்ஸ் 3. மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல போயிடுச்சு. "பின்னாடி விலை ஏறும்"னு முதல்ல வாங்கினவங்க கொதிச்சுப் போனாங்க. கார்ல லிமிட்டெட் எடிஷன்னு யாராவது முதலீடு பேசினா எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

என் கிளியோ

182-ங்கிறது குதிரைத் திறன். 2.0 லிட்டர், டர்போ கிடையாது, எடை 1,100 கிலோவை ஒட்டி. பிரான்ஸ்ல டியெப் ஊர்ல, பழைய ஆல்பைன் ஃபேக்டரியில செஞ்சது. நான் வாங்கினது 2,900 பவுண்டுக்கு, பிராட்ஃபோர்டு பக்கம் ஒருத்தர் வீட்டு வாசல்ல.

இந்த இன்ஜின்ல ஒரு டைமிங் பெல்ட் இருக்கு. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தியே ஆகணும், ஓடினாலும் ஓடாட்டியும். அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போச்சு. மாத்துறதும் சாதாரண வேலை இல்லை. கேம்ஷாஃப்டைப் பூட்டி வைக்கத் தனி டூல்ஸ் வேணும், கூடவே டிஃபேசர்னு ஒரு புல்லியையும் மாத்தச் சொல்வாங்க. அதனால 182 வாங்கப் போறவன் கேட்கிற முதல் கேள்வியே "பெல்ட் எப்போ மாத்தினது?"

நானும் கேட்டேன். "ரெண்டு வருஷம் முன்னாடி"ன்னார். சர்வீஸ் புக்ல ஒரு ஸ்டாம்ப் இருந்தது. பில் இருக்கான்னு கேட்டேன், வீடு மாத்தினதுல தொலைஞ்சு போச்சுன்னார். சரின்னு தலையாட்டிட்டேன். க்ளையண்ட் ஆபீஸ்ல 40 பவுண்டு டாக்ஸிச் செலவுக்கு வவுச்சர் இல்லைன்னா ஒத்துக்காத ஆள் நான். மஞ்சள் கலர் கார், ரெட்டை சைலன்சர், ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்த கிறக்கம். ஆடிட்டர் புத்தி எல்லாம் அந்த வாசல்லயே கழண்டு போச்சு.

ரெண்டாவது வாரம் ஒரு ரெனோ ஸ்பெஷலிஸ்ட்கிட்ட பொதுவா செக் பண்ணக் கொடுத்தேன். பெல்ட் கவரைக் கழட்டிப் பார்த்துட்டுக் கூப்பிட்டார். பெல்ட்டுல வெடிப்பு, ரெண்டு வருஷப் பெல்ட் இல்லவே இல்லை, வண்டியை இனி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னார். பெல்ட், டிஃபேசர், வாட்டர் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து 690 பவுண்டு. அதாவது நான் வாங்கினது 2,900 பவுண்டு கார் இல்லை, 3,590 பவுண்டு கார்.

நண்பரோட 208

அவர் எடுத்தது 1.6 டர்போ, 208 குதிரைத் திறன். தள்ளுபடி போக 19,000 பவுண்டு. பிசிபி-ங்கிற ஸ்கீம்ல எடுத்தார். அங்க புதுக் கார் வாங்குறவங்க பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கிறாங்க. நம்ம ஊர்லயும் பலூன் லோன், லீஸ்னு இதோட சொந்தக்காரங்க தலை காட்ட ஆரம்பிச்சிருக்காங்க, அதனால இதை நிதானமா படிங்க.

19,000-ல 3,000 டெபாசிட். மீதி 16,000 கடன். மூணு வருஷம் கழிச்சு இந்தக் கார் குறைஞ்சது 8,000 பவுண்டு பெறும்னு ஃபைனான்ஸ் கம்பெனி முன்கூட்டியே எழுதிக் கொடுக்குது. அந்த 8,000-ஐக் கடைசியில தள்ளி வச்சுட்டு மீதிக்கு மட்டும் தவணை. 6% வட்டியில மாசம் 282 பவுண்டு, 36 மாசம். முடிவுல மூணு வழி: 8,000 கட்டி வண்டியைச் சொந்தமாக்கலாம், சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போகலாம், இல்லைன்னா கார் மார்க்கெட்ல 8,000-க்கு மேல பெறுமானா அந்த வித்தியாசத்தை அடுத்த காருக்கு டெபாசிட்டா வைக்கலாம்.

மாசம் 282-னு கேட்கும்போது நல்லா இருக்கு. அதே 16,000-ஐ சாதாரண இஎம்ஐ-யா கட்டினா மாசம் 486. ஆனா தள்ளி வச்ச 8,000-க்கும் மூணு வருஷமும் வட்டி ஓடிக்கிட்டே இருக்கு. சாதாரண இஎம்ஐ-ல மொத்த வட்டி சுமார் 1,500, பிசிபி-ல 2,150. தவணை குறைஞ்சது, வட்டி கூடிடுச்சு. டீலர் கடையில மாசத் தொகையை மட்டும் பெரிய எழுத்துல போடுறதுக்குக் காரணம் இதுதான்.

அதோட மைல் கணக்கு. ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 8,000 மைல். அதைத் தாண்டினா ஒவ்வொரு மைலுக்கும் 8 பென்ஸ். மூணு வருஷத்துல சுமார் 5,000 மைல் கூட ஓடியிருந்தார். 400 பவுண்டு. ஜாலியா ஓட்டத்தானே இந்த மாதிரி கார் வாங்குறோம்? ஞாயித்துக்கிழமை டேல்ஸ் மலைப்பக்கம் போயிட்டு வந்தாலே, அவர் "இன்னைக்கு 12 பவுண்டு"ன்னு சொல்ல ஆரம்பிச்சார்.

மூணு வருஷம் முடிஞ்சப்போ

பெட்ரோல் தவிர்த்து, என் பக்கம் இப்படி. வாங்கினது 2,900, வித்தது 2,600, அதனால தேய்மானம் 300. பெல்ட் 690. ரெண்டாவது வருஷம் கிளட்ச் 520. டயர், பிரேக், புஷ், வருஷ சர்வீஸ் எல்லாம் சேர்ந்து 1,640. சாலை வரி 830, பழைய 2.0 இன்ஜின், புகை ஜாஸ்தி, அதனால வரித் தட்டும் மேல. எம்ஓடி-ங்கிற வருஷாந்திர சோதனைக்கு 150. இன்சூரன்ஸ் மூணு வருஷமும் சேர்த்து 2,540. மொத்தம் 6,670 பவுண்டு. மாசத்துக்கு 185.

அவர் பக்கம்: டெபாசிட் 3,000, தவணை 10,152, கூடுதல் மைலுக்கு 400, சர்வீஸ் டயர் 900, வரி 220, இன்சூரன்ஸ் 2,560. புது வண்டிக்கு மூணு வருஷம் எம்ஓடி கிடையாது. மொத்தம் 17,232. மாசத்துக்கு 479. முடிவுல சாவியைக் கொடுத்துட்டு வந்தார், கையில கார் இல்லை.

பெட்ரோல்ல அவருக்கு லாபம். என் வண்டி ஒரு கேலனுக்கு 32 மைல், நம்ம கணக்குல லிட்டருக்கு 11 கிலோமீட்டர் சொச்சம். அவருக்கு 39 மைல், கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். மூணு வருஷத்துல எனக்கு 880 பவுண்டு கூடப் போயிருக்கு. அதையும் கழிச்சாக்கூட ரெண்டு பேருக்கும் வித்தியாசம் 9,680 பவுண்டு.

இந்த இடத்துல வீடியோவை நிறுத்திட்டு "பாத்தீங்களா, பழசுதான் பெஸ்ட்"னு சொல்லிட்டுப் போயிடலாம். நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அந்த மூணு வருஷத்தை நான் வாழ்ந்து பார்த்ததால அப்படிச் சொல்ல வாய் வரலை.

செலவு எப்படி வருதுன்னு பாருங்க

என்னோட 185 மாசா மாசம் வரலை. சில மாசம் பூஜ்யம். ஒரு மாசம் 690. கிளட்ச் போனது தங்கச்சி கல்யாணத்துக்கு டிக்கெட் எல்லாம் போட்டு, நகைக்குப் பணம் அனுப்பி முடிச்ச அதே மாசம், எம்62 மோட்டார்வேயில, மழையில. இழுத்துட்டு வரவே ராத்திரி ஆயிடுச்சு. கராஜ்ல ஆறு நாள். அந்த 520-ஐக் கொடுக்க முடிஞ்சது, கார் வாங்கும்போதே தனி அக்கவுண்ட்ல 2,000 பவுண்டு போட்டு, அதைத் தொடாம வச்சிருந்ததால. அது இல்லைன்னா கிரெடிட் கார்டு, அப்புறம் அதுக்கு வட்டி. அந்த ஆறு நாளும் ரயில்ல ஆபீஸ் போனேன். ஸ்டேஷன் வீட்டுல இருந்து பத்து நிமிஷ நடை.

நண்பருக்கு அந்த மாதிரி ஒரு மாசம் கூட வரலை. 282, 282, 282. அவர் வீட்டம்மா ஆஸ்பத்திரியில நர்ஸ், காலை ஏழு மணி ஷிஃப்ட். அவங்களை விட பஸ் கிடையாது. கார் ஒரு நாள் நின்னாலும் அவங்க குடும்பம் தடுமாறிடும். அந்த உறுதிக்குத்தான் அவர் காசு கொடுத்தார். தப்புன்னு சொல்ல மாட்டேன். 9,680 ஜாஸ்தின்னு மட்டும் சொல்வேன்.

ஆக, பழைய ஹாட் ஹேட்ச் மலிவா ஆகணும்னா ரெண்டு விஷயம் ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கணும்: தொடாம வச்சிருக்கிற ஒரு ரிப்பேர் பணம், கார் இல்லாமலும் ஆபீஸ் போக ஒரு வழி. இந்த ரெண்டும் இல்லாதவனுக்கு 2,900 பவுண்டு கார் ரொம்பக் காஸ்ட்லி.

நண்பர் கதையில இன்னொரு வருத்தம் இருக்கு. இருபதாவது மாசம் அவங்களுக்குக் குழந்தை பிறந்தது. 208 ஜிடிஐ மூணு கதவு வண்டி. பின் சீட்ல குழந்தை சீட்டை மாட்டி, மழையில முதுகை வளைச்சுக் குழந்தையை உள்ள விட்டு எடுக்கிறது பெரிய ரோதனை. வண்டியைத் திருப்பிடலாமான்னு டீலரைக் கேட்டப்போ "இப்போ முடிச்சா நீங்கதான் எங்களுக்குக் காசு தரணும்"னு சொல்லியிருக்காங்க. அந்த நேரத்துல அது சரிதான். ஆனா பிரிட்டனோட 1974 நுகர்வோர் கடன் சட்டத்துல ஒரு உரிமை இருக்கு: கட்ட வேண்டிய மொத்தத் தொகையில பாதி கட்டியாச்சுன்னா, வண்டி நியாயமான நிலையில இருக்கிற பட்சத்துல, திருப்பிக் கொடுத்துட்டு மீதித் தவணையில இருந்து விலகிக்கலாம். அவர் கணக்குல மொத்தம் 21,152, பாதி 10,576. டெபாசிட் 3,000-ஐயும் சேர்த்தா 27-வது தவணையிலயே அந்தக் கோட்டைத் தொட்டுட்டார். பாக்கி ஒன்பது தவணை, 2,538 பவுண்டு. ஒப்பந்தத்துலயே இது அச்சிட்டிருக்கும். அவரும் படிக்கலை, பக்கத்து சீட்ல உட்கார்ந்திருந்த ஆடிட்டர் நானும் வாங்கிப் பார்க்கலை. மூணு வருஷம் முடிஞ்சு ஃபைலைப் புரட்டும்போதுதான் கண்ணுல பட்டது.

ஓட்டுறதுக்கு எப்படி?

182-ல மூணாவது கியர்ல ஒரு வளைவுக்குள்ள போறப்போ ஸ்டீயரிங் பேசுறது மாதிரி இன்னொரு கார்ல எனக்குக் கிடைக்கலை. ஆனா தினசரிக்கு? சீட் உசரம், ஸ்டீயரிங் தூரம். முதல் வாரம் பஸ் டிரைவர் மாதிரி இருந்தது. அஞ்சு கியர்தான், அதுவும் சின்னச் சின்ன கியர், மோட்டார்வேயில 70-ல போனா இன்ஜின் சத்தம் காதுக்குள்ளயே. ரெட்டை சைலன்சருக்கு இடம் விட்டதுல ஸ்டெப்னிக்கு இடம் இல்லை, பங்க்சர் போட ஒரு பாட்டில்தான் கொடுத்திருப்பாங்க. இருந்தாலும் ஏசி, மழைக்குத் தானா ஓடுற வைப்பர் எல்லாம் உண்டு. கப்-ங்கிற மாடல் வேற, எடையைக் குறைக்க அதுல பல வசதியைக் கழட்டியிருப்பாங்க. தினமும் ஓட்டணும்னா கப் வேண்டாம்.

208 ரொம்ப சொகுசு. டர்போவால கீழ் கியர்லயே இழுவை இருக்கும், ஊருக்குள்ள கியர் மாத்தி மாத்திச் சாக வேண்டாம். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏழு செகண்டுக்குள்ள. ஸ்டீயரிங் சின்னது, மீட்டர் அதுக்கு மேல தெரியும். சில பேர் உசரத்துக்கு ஸ்டீயரிங் வட்டமே மீட்டரை மறைக்கும். என் உசரத்துக்கு மறைச்சது. வாங்குறதுக்கு முன்னாடி உட்கார்ந்து பாருங்க. இந்த 1.6 டர்போ குடும்ப இன்ஜின் பிஎம்டபிள்யூவோட சேர்ந்து செஞ்சது. இதுல பெல்ட் இல்லை, செயின். ஆனா ஆரம்பகால இன்ஜின்ல செயின் டென்ஷனர் தொல்லை பேர் போனது. காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்றப்போ கடகடன்னு சத்தம் வந்தா விலகிடுங்க. அதனால விக்கிறவர்கிட்ட "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லி, போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்கணும்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. 2013-ல வந்த கிளியோ ஆர்எஸ் 200 இடிசி. 1.6 டர்போ, 200 குதிரைத் திறன், ஆட்டோமேட்டிக் டூயல் கிளட்ச் மட்டும்தான், அஞ்சு கதவு. கியர் போட்டு ஓட்டுற ரசிகர்கள் இதைத் திட்டித் தீர்த்தாங்க. எனக்கும் ஓட்டிப் பார்த்தப்போ 182-ஓட துள்ளல் இதுல இல்லைன்னுதான் பட்டது. ஆனா சாயங்காலம் அஞ்சு மணி டிராஃபிக்ல தினமும் நிக்கிறவனுக்கு, குழந்தை இருக்கிறவனுக்கு, இதுதான் சரி. ஆர்வலர்கள் முகம் சுளிக்கிறதே வாங்குறவனுக்கு ஒரு வசதி. பேரம் பேச இடம் இருக்கும்.

ட்விங்கோ ஆர்எஸ் 133-ஐயும் சொல்லணும். 1.6, டர்போ இல்லை, 2008-ல வந்தது. குட்டி வண்டி, விலை குறைவு, ஆனா சஸ்பென்ஷன் இறுக்கத்துல முதுகு கேள்வி கேட்கும். தனி ஆளுக்கு ஓகே.

தம்பி, உங்க 6,500-க்கு

இன்சூரன்ஸ்ல இருந்து ஆரம்பிங்க, கார்ல இருந்து இல்லை. பிடிச்ச வண்டியோட நம்பரைப் போட்டு, வாங்குறதுக்கு முன்னாடியே கோட்டேஷன் எடுக்கலாம். எனக்கு முதல் வருஷம் 1,150 பவுண்டு, மூணாவது வருஷம் 610. இந்தியாவுல க்ளெய்ம் இல்லாம பத்து வருஷம் ஓட்டினதை அங்க பெரும்பாலான கம்பெனிங்க கணக்குல எடுக்கிறது இல்லை, புதுசா ஆரம்பிக்கணும். ஆபீஸ் போக வரன்னா அதைப் பாலிசியில கண்டிப்பாச் சொல்லணும், சொந்த உபயோகம்னு மட்டும் போட்டு 50 பவுண்டு மிச்சம் பண்ணப் பார்க்காதீங்க. முந்தின ஓனர் சைலன்சர் மாத்தியிருந்தாலும் அதையும் சொல்லணும். மறைச்சா விபத்து நேரத்துல க்ளெய்ம்ல கை வைப்பாங்க. மாசத் தவணையில பிரீமியம் கட்டினா பொதுவா அதுக்கும் வட்டி உண்டு, ஒரே தடவையில கட்டப் பாருங்க.

அதனால 6,500-ல 1,200 இன்சூரன்ஸுக்கு. 1,500 தொடாத பணம். காருக்கு 3,800 மிச்சம். இந்தத் தொகை உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். நல்ல 208 ஜிடிஐ-யும் கிளியோ 200 இடிசி-யும் இதைவிட மேலதான் ஓடுது. 182-ம் இப்போ 2016 விலையில இல்லை, இருபது வயசு தாண்டி கிளாசிக் ஆகிக்கிட்டு இருக்கு, கூடவே துருவும். நான் வாங்கின காலத்துல அது பழைய கார், இப்போ அது பொழுதுபோக்கு. தினசரிக்கு 182 வேண்டாம். ஒண்ணு, இப்போதைக்கு ஒரு ட்விங்கோ. இல்லைன்னா ஆறு மாசம் மாசத்துக்கு 400 பவுண்டு சேர்த்து வச்சு, 6,200-க்கு ஒரு நல்ல 208. என் ஓட்டு ரெண்டாவதுக்கு. முதல் ஓனர் மூணு வருஷத்துல 11,000 பவுண்டு தேய்மானத்தைத் தாங்கிட்டார். ஆறாயிரத்துக்கு வாங்குற வண்டியால உங்ககிட்ட இருந்து 11,000 பறிக்க முடியாது.

ஏ290 நல்ல கார்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா அங்க அது அறிமுகம் ஆனப்போ ஆரம்ப விலையே 33,500 பவுண்டு. எலெக்ட்ரிக் கார் மறுவிற்பனை விலை எங்க போய் நிக்கும்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாத காலத்துல, திருப்பிக் கொடுக்கிற பிசிபி-ல ஒரு நியாயம் இருக்கு, விலை விழுந்தா அது ஃபைனான்ஸ் கம்பெனி தலைவலி. அதை ஒத்துக்கிறேன். ஆனா 6,500 சேமிப்புல இருக்கிற ஆளுக்கு அந்தத் தவணை இல்லை.

பார்க்கப் போறதுக்கு முன்னாடி அரசாங்க வெப்சைட்ல வண்டி நம்பரைப் போட்டு எம்ஓடி ஹிஸ்டரியைப் படிங்க, இலவசம். எந்த வருஷம் எவ்வளவு மைல், எதுல ஃபெயில், எதை எச்சரிச்சாங்கன்னு எல்லாம் இருக்கும். மூணு வருஷமா "டயர் தேய்ஞ்சிருக்கு"ன்னு திரும்பத் திரும்ப எழுதியிருந்தா அந்த ஓனர் வேற எதுக்கும் காசு போட்டிருக்க மாட்டார். அடுத்து, காசு கொடுத்து ஃபைனான்ஸ் பாக்கி இருக்கா, விபத்துல கேட் எஸ், கேட் என் ஆனதான்னு செக் பண்ணுங்க. 2017 அக்டோபருக்கு முன்னாடி அடிபட்டதுன்னா கேட் சி, கேட் டி-ன்னு இருக்கும். பசங்க விரட்டின கார்ங்க இதுங்க, மரத்தோட அறிமுகம் ஆனதுங்க நிறைய. பர்மிங்ஹாம் நடு ஊர்ல கிளீன் ஏர் ஸோன் இருக்கு; யூரோ 4 தரத்துக்குக் கீழ இருக்கிற பெட்ரோல் கார்னா ஒரு நாளைக்கு 8 பவுண்டு. 208, இடிசி கிளியோவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 2006-க்கு முந்தின எதையாவது பார்த்தா முதல்ல நம்பரைப் போட்டுச் சரி பாருங்க. டீலர்கிட்ட வாங்கினா ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டுல கட்டுங்க. 30,000 பவுண்டு வரை உள்ள பொருளுக்கு, வண்டி சொன்ன மாதிரி இல்லைன்னா கார்டு கம்பெனிகிட்டயும் கேட்கிற உரிமை அதே 1974 சட்டத்துல இருக்கு.

ஊருக்கு எடுத்துட்டு வரலாமான்னு பி.எஸ்.-ல கேட்டிருந்தீங்க. தயாரிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆன பழைய காரை இந்தியாவுக்கு இறக்குமதி பண்ண விதி அனுமதிக்கிறது இல்லை. சென்னைக்கு வெளியில ஓரகடத்துல ரெனோ, திருவள்ளூர்ல சிட்ரோயன்னு ரெண்டு பிரெஞ்சு பேருக்கும் ஃபேக்டரி இருந்தும் ஒரு ஹாட் ஹேட்ச் நமக்குக் கிடைக்கலைங்கிறது வேற சோகம்.

என் மஞ்சள் கிளியோவை 2019-ல ஒரு காலேஜ் பையன் வாங்கினான். கூட அவங்க அப்பா வந்திருந்தார். காரைச் சுத்திப் பார்த்துட்டு, பெல்ட் எப்போ மாத்தினீங்கன்னு கேட்டார். 690 பவுண்டு பில், கழட்டின பழைய பெல்ட்டோட போட்டோ, மூணு வருஷ ஃபைல் மொத்தத்தையும் பானெட் மேல வச்சேன். ஒவ்வொரு பக்கமா புரட்டிப் படிச்சுட்டு, 2,600-க்கு மேல பேரமே பேசலை.